கப்பல் காத்திருக்காது



பவானி, ஈரோடு பக்கமிருந்து குழுவாகக் கிளம்பி, கோவையில் விமானம் ஏறி, சிங்கப்பூரில் உல்லாசக் கப்பல் பிடிப்பவர்கள் இப்போது பலர். எங்கள் குழுவில் ஒரு பெரியவரின் பெட்டி மட்டும் வந்து சேரவில்லை. கப்பலோ அன்று மாலையே புறப்பட்டது. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் அந்தப் பெட்டிக்குள். விமான நிறுவனத்தார் ஓட்டல் முகவரி கேட்டார்கள். கடலில் போகிறவருக்கு ஏது ஓட்டல்?

பெட்டி வராவிட்டால், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் பதிந்து, எண்ணோடு சீட்டு வாங்கிவிட வேண்டும். கப்பலின் பெயர், அது நிற்கும் துறைமுகங்கள், தேதிகள், ஊர் திரும்பும் நாள் அனைத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999 மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009-இல் சேர்ந்தது. அதன்படி, வெளிநாட்டுப் பயணத்தில் பெட்டி தாமதமானாலே இழப்பீடு கேட்கலாம். 2024 டிசம்பர் 28 முதல் ஒருவருக்கு உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு), நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். இழப்பீடு தானாக வராது. அவசரத்துக்கு வாங்கிய துணி, மருந்துக்கு ரசீது வேண்டும். பெட்டி கைக்கு வந்த 21 நாட்களுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். அந்தப் பெரியவரிடம் இதை யாருமே சொல்லவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

முன்பணம் வாங்கும்போதே டிராவல்ஸ்காரர்கள் இந்த விவரங்களைத் தமிழில் அச்சிட்டுத் தரட்டும். கப்பல் கிளம்பும் நாளுக்கு முந்தின நாளே போய்ச் சேரும்படி டிக்கெட் போடட்டும். மருந்தும் ஒரு மாற்றுத் துணியும் கைப்பையிலேயே இருக்கச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பவானி.