கலை பயில்வோர்க்குப் புள்ளிவிபரவியல் வேண்டுமா?

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபு நம்முடையது. ஆயினும் இக்காலத்து உயர்தர வகுப்புகளில் அவ்விரு கண்களும் வெவ்வேறு திசையை நோக்குகின்றன. விஞ்ஞானம் பயில்வோர் எழுத்தைப் புறக்கணிக்கின்றனர். கலை பயில்வோர் எண்ணைக் கண்டு அஞ்சுகின்றனர். முன்னதைப் பற்றித் தமிழாசிரியர் முறையிடுவது வழக்கம். பின்னதைப் பற்றிப் பேசுவார் அரியர். ஆதலின் தமிழ் கற்பிக்கும் நாமே அதனை இவ்விழா மலரிற் பேசத் துணிந்தோம். கலைப்பிரிவு மாணவர் ஒவ்வொருவரும் புள்ளிவிபரவியலின் தொடக்கப் பாடத்தையேனும் முறையாகக் கற்றல் வேண்டும் என்பதும், கணிதத்திற் பின்தங்கியவர் என்று ஒதுக்கப்பட்டவருட் பலரும் அதனைக் கற்க வல்லர் என்பதும் எமது கருத்து.

இதற்குச் சான்று வேண்டுவோர் ஐக்கிய அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளை நோக்குதல் நன்று. 1901இல் இலினோய் மாநிலத்து ஜோலியற் நகரில் தோன்றிய கல்லூரி இவ்வகையிற் பழமையானது. சமுதாயக் கல்லூரி இரண்டாண்டுக் கல்வி தருவது, போட்டிப் பரீட்சையின்றி மாணவரை ஏற்பது, கட்டணம் குறைந்தது. பகலிற் கடையில் நின்று மாலையில் வகுப்புக்கு வருவோர், பிள்ளைகளை வளர்த்தபின் மீண்டும் படிக்க வந்த தாய்மார், படைத்தொழில் விட்டு வந்தோர் எனப் பலதிறத்தாரும் அங்கு ஒரே வாங்கில் அமர்வர். ஈராண்டு கற்றபின் பல்கலைக்கழகம் ஒன்றிற் சேர்ந்து, எஞ்சிய ஈராண்டையும் கற்றுப் பட்டம் பெறலாம். எளியவர்க்கு ஏற்ற ஏணி அது.

அக்கல்லூரிகளின் வெளிவாயில் அகலத் திறந்திருந்தது, உள்வாயிலோ ஒடுங்கியிருந்தது. சேர்ந்தவருக்கு ஒரு கணிதத் தேர்வு வைக்கப்பட்டது. அதிற் குறைந்த புள்ளி பெற்றவர், பட்டத்துக்குக் கணக்கிடப்படாத அட்சரகணித வகுப்பில் முதலில் இருத்தப்பட்டனர். சிலருக்கு இத்தகைய வகுப்புகள் இரண்டு மூன்று அடுக்காக அமைந்தன. தாதியாக விரும்பியவரும் சமூக சேவையை நாடியவரும் காரணிப்படுத்தலிலேயே தடுக்கி விழுந்தனர். காலமும் பொருளும் கழிந்தன. பலர் கல்லூரியை விட்டே நீங்கினர். அவர்தம் தொழிலுக்கு மிகுதியும் வேண்டிய கணிதமோ புள்ளிவிபரவியலே. அதன் வாயிலை அடையுமுன்னரே அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இம்முறை சரியா என்பதை நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 3 சமுதாயக் கல்லூரிகளில் 2013ஆம் ஆண்டு சோதித்தனர். தொடக்க அட்சரகணிதம் கற்ற பின்னரே மேலே செல்லத் தக்கவர் எனத் தீர்க்கப்பட்ட 907 மாணவர், எழுமாற்றாக மூன்று குழுவினராகப் பகுக்கப்பட்டனர். முதலாங் குழுவினர் வழக்கமான அட்சரகணிதத்தைக் கற்றனர். இரண்டாங் குழுவினர் அதனுடன் வாராந்தப் பயிற்சி வகுப்பும் பெற்றனர். மூன்றாங் குழுவினர் நேரே பட்டநிலைப் புள்ளிவிபரவியல் வகுப்பில் அமர்ந்து, அதற்குரிய வாராந்தப் பயிற்சியும் பெற்றனர். முடிவு 2016இல் வெளியாயிற்று. சித்தியெய்தினோர் முதலாங் குழுவில் நூற்றுக்கு 39 பேர். இரண்டாவதில் 45 பேர். மூன்றாவதில் 56 பேர். கீழ்ப்படிக்கே தகுதி போதாதவர் எனப்பட்டோர், மேற்படியில் ஏற்றிவிட்டபோது மிகுதியாகத் தேறினர். கலிபோர்னியா மாநிலமோ 2017இல் ஒரு சட்டமே இயற்றி, ஓராண்டுக்குள் மாணவர் பட்டநிலைக் கணிதத்தைக் கற்று முடிக்கும் வாய்ப்பு மிகுமாறு அவரை வகுப்பிற் சேர்த்தல் வேண்டும் எனத் தன் சமுதாயக் கல்லூரிகளைப் பணித்தது.

இங்கே எழும் தடைகளை மறைத்தல் முறையன்று. இருவேறு பாடங்களின் சித்தியை ஒப்பிடலாமா என்று கணித ஆசிரியர் வினவுவர். நல்ல வினாவே. ஆயின் அம்மாணவரைப் பின்னரும் தொடர்ந்து பார்த்தபோது, பட்டம் பெற்று வெளியேறியோரும் புள்ளிவிபரக் குழுவிலேயே மிகுந்திருந்தனர். மூன்றாங் குழுவிலும் நூற்றுக்கு 44 பேர் தேறவில்லையே என்பர் சிலர். உண்மை, யாவரையும் கரையேற்றும் மந்திரம் இஃதன்று. அட்சரகணிதம் வேண்டாவோ என்பர் வேறு சிலர். பொறியியலுக்கும் பௌதிகத்துக்கும் பொருளியலின் மேல்வகுப்புக்கும் அஃது இன்றியமையாதது. அதனைத் தாழ்த்துவது எம் நோக்கமன்று. எல்லா வழிக்கும் அதனையே ஒரே சாவியாக்குதல் தகாது என்பதே எம் வாதம்.

இனி, அத்தொடக்கப் பாடத்திற் கற்பது யாது? இடை, இடையம், ஆகாரம் ஆகியவற்றோடு தொடங்கி, நியம விலகல், நிகழ்தகவு, மாதிரியெடுத்தல், இணைபு என்பவற்றினூடே சென்று, கருதுகோளைச் சோதித்தலில் முடிவதே பெரும்பாலும் அதன் ஒழுங்கு. இவற்றுட் பெருக்கலும் வகுத்தலும் எளியன. பொருள் காண்டலே அரிது. செய்யுளில் ஒரு சொல் எப்பொருளில் நிற்கின்றதென ஆராய்வதற்கும், ஓர் எண் எதனைக் குறிக்கின்றதென ஆராய்வதற்கும் வேண்டிய பொறுமை ஒன்றே. ஆதலின் இஃது எம்மவர்க்கு அயலான கலையன்று.

நுங்கு மிகுதியாய் விற்கும் மாதங்களிற் கிணற்று நீர் வற்றுகின்றது. நுங்கு விற்றமையால் நீர் வற்றிற்று என்று எவரும் கூறார். இரண்டுக்கும் பொதுக்காரணம் வெயில். இணைபு வேறு, காரணம் வேறு என்பதை இதனினும் தெளிவாக விளக்குதல் அரிது. ஆயினும் உணவு, மருந்து, கல்வி பற்றிய செய்திகளில் நாள்தோறும் இம்மயக்கத்துக்கு நாம் இடங்கொடுக்கின்றோம். 1936இல் அமெரிக்காவின் லிற்றரறி டைஜஸ்ற் என்னும் சஞ்சிகை சனாதிபதித் தேர்தலை முன்னறிவதற்காக ஏறக்குறைய ஒரு கோடி வாக்குச் சீட்டுகளை அனுப்பியது. 20 இலட்சத்துக்கு மேற்பட்டவை திரும்பி வந்தன. அவற்றைக் கொண்டு ரூஸ்வெல்ட் தோற்பார் என்று அது கூறியது. அவரோ 48 மாநிலங்களுள் 46ஐ வென்றார். தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோர் பட்டியல்களிலிருந்தே பெரும்பாலும் பெயர்களை எடுத்தமையும், திருப்பி அனுப்ப விரும்பியோரின் சீட்டே கணக்கில் வந்தமையும் பிழைக்குக் காரணமாயின. மாதிரி பெரிதாயிருந்தாற் போதாது. நடுநிலை பிறழாததாயும் இருத்தல் வேண்டும். நம் வீதிமதில்களிலே தனியார் வகுப்புகள் ஒட்டும் பெறுபேற்றுச் சுவரொட்டிகளை இவ்வறிவோடு நோக்குமின். சித்தியெய்தினோரின் படங்கள் உள; அவ்வகுப்பிற் பயின்றோரின் மொத்தத் தொகை எங்கே?

நம் மாணவர்க்கு இதனினும் அணுக்கமானதொரு காரணமும் உண்டு. பல்கலைக்கழக அனுமதி இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இசட் புள்ளியைக் கொண்டு தீர்மானிக்கப்படுகின்றது. ஒரு பாடத்திற் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் இடையைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுத்தால் இசட் புள்ளி கிடைக்கும். 60 புள்ளி பெற்றவர்க்கு, இடை 50உம் நியம விலகல் 10உம் ஆயின் அது 1. இடை 40 ஆயின் 2. இவ்வளவே கணக்கு. எனினும் தம் தலைவிதியை அளக்கும் கோல் யாதென அறியாமலே கலைப்பிரிவு மாணவருட் பலர் பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியேறுகின்றனர். 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தாரும் புதிய பாடத்திட்டத்தாரும் தோற்றினர். இரு சாராரையும் ஒரே குடித்தொகையாகக் கொள்ளலாமா என்ற வினா உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2012இல் அந்நீதிமன்றம் வெவ்வேறாகக் கணிக்குமாறு பணித்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் எதிர்காலம், புள்ளிவிபரவியலின் முதற்பாட வினா ஒன்றிலே தங்கியிருந்தது.

1973இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்த காலத்தை மூத்த பழைய மாணவர் மறந்திருக்கமாட்டார். நெஞ்சு கொதித்தோர் பலர்; அக்கணிப்பு முறையை எடுத்துப் பிறர்க்கு விளக்க வல்லோர் சிலர். அநீதியைக் கண்டு வருந்துதல் இயல்பு. அதனை எண்ணாலேயே எடுத்துக்காட்டுதல் கல்வியின் கடமை. எண்ணறியாச் சமூகத்துக்காக எண்ணறிந்த பிறரே எப்பொழுதும் முடிவு செய்வர்.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒன்று விண்ணப்பிக்கின்றோம். கட்டடங்கள் நன்று, நினைவுத்தூண்களும் நன்று. அவற்றோடு, உயர்தரக் கலைப்பிரிவு மாணவருக்குச் சனிக்கிழமை தோறும் ஈராறு வாரம் புள்ளிவிபர வகுப்பொன்று நடத்த உதவுவீராக. நம் பழைய மாணவருள்ளே கணக்காளரும் வைத்தியரும் ஆய்வாளரும் உளர். வாரத்துக்கு ஒருவர் வந்து கற்பிப்பினும் போதும். கல்லூரி வரவுப் பதிவேடும் மழைவீழ்ச்சிக் கணக்குமே பயிற்சிக்குப் பொருளாகலாம். கலிபோர்னியாவின் டி அன்சா சமுதாயக் கல்லூரி ஆசிரியராகிய பார்பரா இலவ்ஸ்கி, சூசன் டீன் என்பார் ஆக்கிய புள்ளிவிபரவியல் அறிமுக நூலை ஓப்பன்ஸ்டாக்ஸ் பதிப்பகம் 2013இல் யாவரும் இலவசமாகக் கணினியிற் படிக்குமாறு வெளியிட்டுளது. ஆங்கில நூலாயினும், கணிதம் ஆங்கிலம் இரண்டையும் ஒருங்கே பழக அதுவே வாய்ப்பாகும். கலைச்சொற்களைத் தமிழில் விளக்கும் பணியைத் தமிழாசிரியராகிய நாம் மகிழ்வோடு ஏற்போம்.

கணிதம் வாராது என்று கூறி ஒரு மாணவரைப் பின்வாங்கில் இருத்துமுன், எந்தக் கணிதம் வாராது என்று ஒருமுறை வினவுவோமாக. இவ்விழாவின் நினைவாக அவ்வினா நம் கல்லூரியில் நிலைக்குமாயின், அதுவே சிறந்த காணிக்கை. வாழ்க நம் கல்லூரி!