ஜகாத் சம்பளத்திற்கு ஈடாகாது

திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவையில் குறைப்போரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. தமக்கு வரவேண்டியதை நிறைவாக அளந்து வாங்கிக்கொண்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துவிடுவோரை அல்லாஹ் அதில் கடுமையாக எச்சரிக்கின்றான். இந்த எச்சரிக்கையை நாம் கடைத் தராசோடு நிறுத்திக்கொள்கிறோம். சம்பளமும் ஓர் அளவைதான். பணியாளரிடம் முழு உழைப்பையும் பெற்றுக்கொண்டு, ஆண்டுக்காண்டு மதிப்புக் குறையும் ஒரு தொகையை அவர் கையில் கொடுப்பது நிறைவான அளவையா என்று நம் சமுதாயத்தின் முதலாளிமார்களும் நிர்வாகிகளும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாம் பேசுவது பரம ஏழைகளைப் பற்றி அன்று. நம்மவர் நடத்தும் பள்ளிக்கூடங்களின் ஆசிரியைகள், ஜவுளிக்கடைக் கணக்கர்கள், தோல் தொழிற்சாலை மேற்பார்வையாளர்கள், மதரஸா உஸ்தாதுகள், பள்ளிவாசல் இமாம்கள் ஆகியோரைப் பற்றியே பேசுகிறோம். ஜகாத் கொடுக்கும் வசதியை இவர்களுள் பலர் எட்டவில்லை. ஜகாத் கேட்டுக் கை நீட்ட மானம் இடம் கொடுப்பதில்லை.

இந்திய அரசின் 2024-25ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை தரும் கணக்கைப் பாருங்கள். மாதச் சம்பளம் பெறும் ஆண்களின் சராசரி வருமானம், விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், 2017-18இல் 12,665 ரூபாய். 2023-24இல் 11,858 ரூபாய். ஆறு ஆண்டுகள் உழைத்தும் இறங்கியிருக்கிறார்கள். பெருநிறுவனங்களின் இலாபமோ 15 ஆண்டுகளில் காணாத உயரத்தைத் தொட்டதாக அதே அறிக்கை கூறுகிறது.

ஒரு வீட்டுக் கணக்காகவும் இதனைப் பார்க்கலாம். ஆண்டுக்கு 5 விழுக்காடு விலை ஏறினால், பத்தாண்டுகளுக்கு முன் 15,000 ரூபாயில் நடந்த குடும்பம் இன்று நடக்க 24,400 ரூபாய் வேண்டும். ஆண்டுதோறும் 500 ரூபாய் கூட்டிக்கொடுத்த முதலாளி 20,000 ரூபாயில் நிற்கிறார். தாம் கூட்டிக்கொடுத்ததாகவே அவர் மனதார நம்புகிறார். பணியாளரின் வீட்டிலோ மாதம் 4,400 ரூபாய் குறைகிறது.

முன்பு இந்தக் குறையை நாம் சபர் சென்று ஈடுகட்டினோம். பர்மா, மலாயா, இலங்கை, பின்னர் வளைகுடா என்று நம் இளைஞர்கள் புறப்பட்டதால், உள்ளூர்ச் சம்பளத்தின் வறுமை வெளியே தெரியவில்லை. அந்த வாசலும் இன்று குறுகிவருகிறது. சவூதி அரேபியா 2017இல் உடன் வாழும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. 2020இல் அது 400 ரியால் ஆயிற்று. 2018இல் 5 விழுக்காடாக வந்த மதிப்புக்கூட்டு வரி, 2020 ஜூலையில் 15 விழுக்காடு ஆனது. நடுத்தரச் சம்பளக்காரர் மனைவி மக்களை உடன் வைத்துக்கொள்வதே அங்கு பெரும் சுமையாகிவிட்டது.

இதன் விளைவு நம் தெருக்களில் தெரிகிறது. மிம்பரில் வட்டியின் கொடுமை பயான் செய்யப்படுகிறது. அதைக் கேட்டுக்கொண்டிருப்பவரின் மனைவியுடைய நகை, மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக அடகுக்கடையில் இருக்கிறது. வட்டி ஹராம் என்று அவருக்குச் சொல்கிறோம், சரியே. அவரை வட்டிக்கடை வாசலுக்குத் தள்ளிய சம்பளத்தைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை? தந்தை கணக்கர், மகன் அதே கடையில் விற்பனையாளர் என்று ஒரு தலைமுறை நின்ற இடத்திலேயே நிற்பதற்கு நமக்கும் பங்கில்லையா?

"ரமளானில் உதவுகிறோமே, பெருநாளைக்குத் துணி எடுத்துக் கொடுக்கிறோமே" என்று சிலர் கூறுவர். ஜகாத் என்பது அல்லாஹ் விதித்த கடமை. சம்பளம் பணியாளரின் உரிமை. சம்பளத்திற்கு ஈடாகக் கொடுத்த பணம் ஜகாத்தாக நிறைவேறாது என்பது மார்க்க அறிஞர்களின் தெளிவான நிலைப்பாடு. உரிமையைக் குறைத்துவிட்டு அதில் ஒரு பகுதியைத் தர்மமாகத் திருப்பிக் கொடுத்தால், பணியாளர் நன்றி வேறு சொல்லவேண்டியிருக்கிறது!

"சம்மதித்துத்தானே வேலைக்கு வந்தார்" என்பது அடுத்த வாதம். குகையில் சிக்கிய மூவரின் வரலாறு புகாரியில் பதிவாகியுள்ளது. அவர்களுள் ஒருவர், கூலியாள் பெற்றுக்கொள்ளாமல் விட்டுச்சென்ற தானியத்தை விதைத்துப் பெருக்கினார். காலம் கழித்து அவர் திரும்பி வந்து கேட்டபோது, பேசிய தானியத்தை மட்டும் அளந்து கொடுத்திருக்கலாம், ஒப்பந்தம் அவ்வளவுதான். அவரோ பெருகிய கால்நடைகள் அனைத்தையும் கொடுத்தார். அந்தச் செயலை முன்வைத்து அவர் கேட்ட துஆவை அல்லாஹ் ஏற்றான், பாறை நகர்ந்தது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டிய முன்மாதிரி இது.

அபூபக்ர் (ரலி) அவர்கள் கலீஃபாவானபோது வணிகத்தை விட நேர்ந்தது. அவர்களின் குடும்பத்திற்குப் போதுமான தொகை பைத்துல்மாலிலிருந்து ஒதுக்கப்பட்டது. நம் இமாம்களுக்கு ஒதுக்கும்போது மட்டும் "பரக்கத்" போதும் என்கிறோம்.

இணைய வணிகத்தால் நலிந்த சிறு கடைக்காரரை நாம் குற்றம் சாட்டவில்லை. இயலாதவர் தம் கணக்கைப் பணியாளரிடம் திறந்து காட்டினாலே போதும். இரண்டாவது கிளை திறந்தவர்களையும், ஆண்டுதோறும் உம்ரா செல்பவர்களையும், பளிங்குத் தரைக்கும் புதிய மினாராவுக்கும் வசூலிக்கும் நிர்வாகங்களையும் நோக்கியே கேட்கிறோம்.

விலைவாசி ஏறும் அளவுக்கேனும் ஆண்டுதோறும் சம்பளம் உயரும் என்று பணி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஜமாஅத் ஆண்டுக் கணக்கில் கட்டடச் செலவுக்குப் பக்கத்தில் இமாம், மோதினார், உஸ்தாது ஆகியோரின் சம்பளத்தையும், அது கடைசியாக உயர்ந்த ஆண்டையும் அச்சிடுங்கள். வேலை வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப்போவதாக அல்லாஹ் அறிவித்திருக்கின்றான். அந்த வழக்கில் எதிரியாக நிற்கும் நிலையிலிருந்து நம் அனைவரையும் அவன் காப்பானாக. ஆமீன்.