பழைய பஸ் ஸ்டாண்டும் வேப்பேரி டிராம் ஷெட்டும்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் நான் பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு காதுகுத்துக்காகச் சென்னை போயிருந்தேன். மலைப் பள்ளியில் என்னிடம் படித்த பையன் ஒருவன் (பையன் என்ன பையன், அவனுக்கே காதோரம் நரைத்துவிட்டது) காரில் கூட்டிப்போனான். வேப்பேரி வழியாகப் போகும்போது, "டீச்சர், இதுதான் பெரியார் திடல்" என்று காட்டினான். "தெரியும் கண்ணு, அந்தக் காலத்தில் இது டிராம் ஷெட்" என்றேன். அவன் சிரித்துவிட்டான். "மெட்ராஸில் டிராமா? கல்கத்தாவைச் சொல்றீங்களா டீச்சர்?"

அவனைக் குறை சொல்ல மாட்டேன். நம் பாடப்புத்தகத்தில் நானே அதை நடத்தியதில்லை. எனக்குத் தெரிந்ததே என் பெரியப்பா சொல்லித்தான். அவர் பாரிமுனையில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினவர். ஊருக்கு வரும்போதெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து டிராம் கதைதான் சொல்வார். டிரைவர் நின்றுகொண்டே ஓட்டுவார், காலால் மிதித்து மணி அடிப்பார், மெதுவாகத்தான் போகும், ஓடிப்போய் ஏறிக்கொள்ளலாம் என்பார். எங்களுக்கு அது ரயிலா பஸ்ஸா என்றே புரியாது.

பிறகு நானாகத் தேடிப் படித்தேன். 1895 மே 7 அன்று மெட்ராஸில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல் மின்சார டிராம். லண்டன் தெருக்களில் மின்சார டிராம் வந்ததே அதற்குப் பிறகுதான். முதலில் தண்டவாளத்துக்கு நடுவே தரைக்கடியில் பள்ளம் விட்டு, அதற்குள் மின்சாரம் போகிற மாதிரி அமைத்தார்கள். ஐப்பசி கார்த்திகை மழை மெட்ராஸில் எப்படிப் பெய்யும்? பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து வீணாகிப்போய், பிறகு தலைக்கு மேலே கம்பி கட்டி ஓட்டினார்கள். 1921 வாக்கில் 97 வண்டிகள், 24 கிலோமீட்டர் பாதை. அப்புறம் பஸ் வந்தது, கம்பெனிக்கு நஷ்டம் வந்தது. 1953 ஏப்ரல் 12 ஓடியதோடு சரி. அப்போது ராஜாஜி முதலமைச்சர். நான் பிறக்கவே இல்லை.

வண்டி நின்றுபோன பிறகு வேப்பேரியில் அந்த ஷெட் இருந்த இடத்தைப் பெரியார் வாங்கினார். இன்றைக்கு அங்கே விடுதலை பத்திரிகை அச்சாகிறது, நூலகம் இருக்கிறது, எம்.ஆர்.ராதா மன்றத்தில் கூட்டம் நடக்கிறது, கல்யாணம் நடக்கிறது. 1973 டிசம்பரில் பெரியாரை அடக்கம் செய்ததும் அங்கேதான். நான் சனிக்கிழமை தவறாமல் பெருமாள் கோயிலுக்குப் போகிறவள் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வண்டி நிறுத்திய இடம் எழுபது வருஷம் கழித்தும் சனம் கூடுகிற இடமாகவே இருக்கிறது. அதுவே கம்பி வேலி போட்டுப் பூட்டி வைத்திருந்தால் எப்போதோ துண்டு துண்டாகப் போயிருக்கும். ஒரே ஒரு மனக்குறை. டிராம் நின்ற இடம் என்று சொல்ல அங்கே எதுவும் என் கண்ணில் படவில்லை.

பம்பாயில் இதற்கு நேர்மாறு. அங்கே 1964இல் டிராம் நின்றுவிட்டது. ஆனால் தாதரில் இன்னமும் "தாதர் டிடி" என்றுதான் சொல்கிறார்கள். டிராம் டெர்மினஸ் என்பதன் சுருக்கம். பாதி ஜனத்துக்கு அந்த டிடி என்றால் என்னவென்றே தெரியாதாம், பெயர் மட்டும் நிற்கிறது. கல்கத்தாவில் கரியாஹாட் டிப்போவின் ஒரு பகுதியில் 2020 டிசம்பரில் பழைய வண்டிகளை வைத்து அருங்காட்சியகம் திறந்தார்கள். என் தங்கை மகள் அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறாள். அவள் அனுப்பிய போட்டோவில், 1908இல் கட்டிய டிராம் கொட்டகைகளை அப்படியே வைத்து, 1972இல் கடை வளாகமாக்கியிருக்கிறார்கள். பழைய தண்ணீர்த் தொட்டிக் கோபுரம்கூட நிற்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளிடம் ஒன்று கேட்டேன். "ஏன் சாமி, அங்கே எதுவும் வாங்காமல் ஒரு மணி நேரம் சும்மா உட்கார முடியுமா?" அவள் யோசித்துவிட்டு, "உட்காரலாம் பெரியம்மா, ஆனா யாரும் உட்கார மாட்டாங்க" என்றாள்.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். நாமக்கல்லில் 2024 கடைசியில் வெளியூர் வண்டிகளெல்லாம் முதலைப்பட்டி புதிய பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டன. நல்லதுதான், ஊருக்குள் அந்த நெரிசலில் ரோட்டைக் கடக்கவே உயிர் போகும். ஆனால் ஊர் நடுவில் இருக்கிற பழைய பஸ் ஸ்டாண்டை என்ன செய்யலாம் என்று டீக்கடையிலும் வாட்ஸாப்பிலும் ஆளாளுக்குப் பேசுகிறார்கள். ஒருத்தர் வணிக வளாகம் என்கிறார், ஒருத்தர் இடித்துவிட்டு கார் நிறுத்தலாம் என்கிறார். சேலத்தில் பழையதை இடித்து ஈரடுக்கு நிலையமாகக் கட்டி 2023இல் திறந்தார்களே, அதுபோலச் செய்யலாம் என்றும் ஒரு பேச்சு.

எனக்கு அந்த இடம் வேறு. எண்பதுகளின் கடைசியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரைத் திறனறித் தேர்வுக்காக மலையிலிருந்து நாமக்கல் கூட்டிவந்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவு, இரண்டு பேர் வாந்தி. தேர்வு முடிந்து, ஆஞ்சநேயரைப் பார்த்து, ஆளுக்கு ஒரு தோசை வாங்கிக் கொடுத்து வருவதற்குள் மலைக்கான கடைசி வண்டி போய்விட்டது. லாட்ஜ் எடுக்க என்னிடம் காசு இல்லை. பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சில்தான் இரவு முழுக்க இருந்தோம். டீக்கடைக்கார அம்மா ஒரு போர்வையும், கேட்காமலே மூன்று டீயும் கொடுத்தார். பக்கத்தில் மிளகு மூட்டையோடு செம்மேட்டுக்காரர் ஒருவர், சந்தைக்குக் கொண்டுபோக விடியலுக்குக் காத்திருந்தார். அவர்தான் பிள்ளைகளுக்குக் காவல். காலை முதல் வண்டியில் ஊர் போய்ச் சேர்ந்தோம். அந்த ஆறு பேரில் மூன்று பேர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள். ஒருத்தி நர்சாக இருக்கிறாள். அன்றைக்கு எங்களை யாரும் எழுந்து போங்கள் என்று சொல்லவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். ஊர் நடுவே காசு கொடுக்காமல் உட்கார ஓர் இடம் இருப்பது சின்ன விஷயம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிற மலைச் சனம், ஜாதிச் சான்றிதழுக்கு அலைகிறவர்கள், பரீட்சைக்கு வருகிற பிள்ளைகள், இவர்கள் எல்லாரும் எங்கே உட்காருவார்கள்? வளாகம் கட்டிவிட்டால் வாசலில் செக்யூரிட்டி நிற்பான். கிழிந்த சட்டையோடு மூட்டையை வைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பாருங்கள்.

மருமகன் முறையில் உள்ள ஒருவர், "அத்தை, மாநகராட்சிக்கு வருமானம் வேண்டாமா? சும்மா பெஞ்ச் போட்டு வைக்க முடியுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ரோட்டுப் பக்கம் கடை வரட்டும், வாடகை வரட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே ஒரு பாதியை மட்டும் விட்டு வையுங்கள். பெஞ்ச், சுத்தமான கழிப்பறை, குடிதண்ணீர், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு படிப்பறை, இரவில் பெண்கள் தங்க பூட்டுப் போட்ட ஒரு கூடம். டவுன் பஸ் அங்கேயே வந்து போகட்டும். அருங்காட்சியகமெல்லாம் வேண்டாம், அதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது, இரண்டு கால அட்டவணைப் பலகை. அந்தப் பலகையை மட்டும் சுவரில் மாட்டி வைத்தால் போதும். நாளைக்கு ஒரு பையன் "இங்கே பஸ் ஸ்டாண்டா?" என்று சிரிக்கக் கூடாது.

மாநகராட்சி ஆணையருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு பக்கம், பிழை திருத்தியாகிவிட்டது. வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் சேந்தமங்கலம் வீட்டில்தான் இருப்பேன், வந்து கையெழுத்துப் போடுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் பெயரும் இப்போதைய வேலையும் எழுதி அனுப்பினால் போதும், கூடச் சேர்த்துக்கொள்கிறேன். பழைய பஸ் ஸ்டாண்டில் எடுத்த போட்டோ, மங்கலாக இருந்தாலும், யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். முக்கியமாக அந்த டீக்கடை தெரிகிற மாதிரி ஒன்று கிடைத்தால் நன்றாயிருக்கும். அந்த அம்மாவின் பெயரைக்கூட அன்று நான் கேட்கவில்லை.