பிள்ளை பெற்றபின் விரல் மடங்காதது ஏன்?

செங்கலடியில், பதுளை வீதி பிரியும் சந்திக்கு அண்மையில் நாம் அறிந்த இல்லம் ஒன்றுண்டு. அங்கே தாய்க்கும் மகளுக்கும் ஒரு வழக்கு. பிள்ளை பெற்று மூன்று மாதமான மகளுக்கு விடிந்து வெகுநேரம் வரை விரல்கள் மடங்கவில்லை. குழந்தையைத் தூக்கவும் இயலவில்லை. "காயச் சரக்கை ஒழுங்காகத் தின்றாளா? பத்தியம் தவறிவிட்டாள்" என்பது தாயின் குற்றச்சாட்டு. "கலியாணத்துக்கு முன்பே இந்த நோ இருந்ததம்மா, வயிற்றில் பிள்ளை இருந்தபோதுதான் இல்லாமற் போனது" என்றாள் மகள். தீர்ப்புக் கூற நம்மை அழைத்தார்கள்.

மகளின் சொல்லிலேதான் உண்மை இருக்கின்றது. அமெரிக்காவில் மேயோ வைத்திய நிலையத்துப் பிலிப் ஹெஞ்ச் என்னும் மருத்துவர் இதே சொல்லை மூட்டுவாதப் பெண்கள் பலரிடம் கேட்டு, 1938இல் எழுதிவைத்தார். மஞ்சட் காமாலை கண்டபோதும் சிலருக்கு நோவு தணிந்ததை அவர் கவனித்திருந்தார். அந்தத் தடத்தைப் பற்றிச் சென்றதன் பயனே 1948இல் மூட்டுவாதத்துக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட கோர்ட்டிசோன். 1950இல் அதற்காக நோபல் பரிசும் கிடைத்தது.

இந்நோயில் உடலின் காவற்படை தன் மூட்டுகளையே பகையென்று எண்ணித் தாக்குகின்றது. கருவிலுள்ள சிசுவோ பாதி தந்தையின் கூறு. அதனைத் தாக்காதிருக்கும் பொருட்டுக் கருக்காலத்தில் காவற்படையின் போக்கு மாறுகின்றது. அப்போது பெருகும் ஈஸ்திரோஜன், புரோஜெஸ்தரோன் முதலிய ஓமோன்களுக்கு அதிற் பங்குண்டு. பிள்ளை பிறந்ததும் அவை சடுதியாக வீழ்கின்றன. பலருக்குச் சில மாதங்களுள் நோய் மீளுகின்றது. பத்தியத்தின் மேற் பழிபோட இதில் இடமே இல்லை.

ஆயினும் ஈஸ்திரோஜனை என்றும் நல்ல துணை என்று சொல்லிவிட முடியாது. இதே இனத்து நோயாகிய லூபஸ், பத்து நோயாளரில் ஒன்பது பேர் பெண்கள் என்னும் அளவில், அதுவும் பிள்ளை பெறும் வயதிலேயே பெரிதும் பற்றுகின்றது. கருக்காலத்திற் பொங்கவும் கூடும். ஓமோன் மட்டுமே காரணம் என்பதும் பொருந்தாது. கூடுதலாக ஓர் எக்ஸ் நிறமூர்த்தத்தோடு பிறந்த ஆண்களுக்கும் ஏறக்குறையப் பெண்களுக்கு வருமளவில் லூபஸ் வருகின்றதே!

தாயாரின் காயச் சரக்கை நாம் பழிக்கவில்லை. அதன் மணமே பசியை எழுப்பும். ஆனால் இரு கைகளிலும் வீக்கமும் காலை இறுக்கமும் சில வாரம் நீடித்தால் வைத்தியரைக் கண்டு இரத்தப் பரீட்சை செய்தே ஆகவேண்டும். தாமதித்தால் மூட்டு அரிக்கப்பட்டுவிடும், அரிந்தது மீளாது. பாலூட்டுவதை வைத்தியரிடம் முதலிலேயே கூறவேண்டும். மெதொட்ரெக்சேட் அக்காலத்துக்கு ஆகாது. ஐதரொக்சிகுளோரோகுயின் போன்றவை ஆகும்.

சென்ற திங்கட்கிழமை குழந்தையைத் தானே ஏந்திக்கொண்டு, மகளுடன் மட்டக்களப்பு பஸ் ஏறினாள் தாய்.