அரிய நோய் என்று அயர்ந்துவிட வேண்டாம்

2021ஆம் ஆண்டு மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையினூடே ‘கருப்புப் பூஞ்சை’ என்னும் சொல் வீடுதோறும் அச்சத்தை விதைத்தது. கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோயாகத் தமிழக அரசு அம்மாதமே அதனை அறிவித்தது. அலை ஓய்ந்ததும் அச்சமும் ஓய்ந்தது, நோய் ஓயவில்லை. சர்க்கரை கட்டுக்கடங்காத உடலில் அது முன்பும் வந்தது, இன்றும் வருகிறது.

உண்மையில் அப்பூஞ்சை கருப்பன்று. இரத்தக் குழாய்களுள் ஊடுருவி அது அடைப்பதால், இரத்தம் பெறாத திசு மடிந்து கருக்கிறது. மூக்கையும் சைனஸ் அறைகளையும் பற்றி, கண்ணுக்கும், மூளையைத் தாங்கும் மண்டையோட்டின் அடிப்பகுதிக்கும் அது பரவக்கூடும். ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் வேறொரு பூஞ்சை, சிலருக்குக் காதின் வழியே அவ்வெலும்பை மெல்ல அரிக்கும். பார்வைக்கும் முக அசைவுக்கும் விழுங்குவதற்கும் உரிய நரம்புகள் அவ்வெலும்பின் துளைகள் வழியே செல்கின்றன. ஆகவே அங்கே தாமதம் பேரிழப்பாகும்.

இந்நோயின் முதல் அடையாளத்தைக் காணக்கூடியவர் மருத்துவர் அல்லர். உடனிருக்கும் குடும்பத்தினரே என்பது என் கருத்து. திருவேங்கடத்தில் தலைவலி மாத்திரையோடு ஒரு வாரம், சங்கரன்கோவிலில் காது சொட்டு மருந்தோடு ஒரு வாரம் எனக் கழித்துவிட்டுத் திருநெல்வேலிக்குப் புறப்படுவது பெரும் பிழை. சர்க்கரை நோயாளிக்கு ஒருபக்க முகவலி, கன்னம் மரத்தல், மூக்கில் கருஞ்சளி, இரட்டைப் பார்வை, இமை தொங்குதல், இரவில் மிகும் காதுவலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காத்திருத்தல் கூடாது. சர்க்கரை அளவையும், உட்கொண்ட ஸ்டீராய்டு மாத்திரைகளையும் மறைக்காமல் கூறுங்கள். “இது பூஞ்சையாக இருக்கக்கூடுமா?” என்று தயங்காமல் கேளுங்கள். திசுத் துணுக்கை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றால் அஞ்சி மறுக்காதீர்கள். எந்தப் பூஞ்சை என்பதை அதுவே உறுதிசெய்யும்.

மருந்து இரத்தத்தின் வழியே செல்வது. மடிந்த திசுவை அது எட்டாது. அதனாலேயே அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. ஆம்போடெரிசின் மருந்தை நரம்பில் ஏற்றும் நாட்களில் சிறுநீரகத்தைக் கண்காணிக்க வேண்டும். பின்னர் மாத்திரைகள் மாதக்கணக்கில் தொடரலாம். வலி நோய்க்கு முன்பே விடைபெற்றுவிடும். அதை நம்பி மருந்தை நிறுத்தலாகாது.

இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று. எனவே நோயாளியை ஒதுக்க வேண்டியதில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் சர்க்கரை மாத்திரை இன்று வீட்டு வாசலுக்கே வருகிறது. அதை நாள் தவறாமல் உட்கொள்ளச் செய்வதே குடும்பம் எழுப்பக்கூடிய முதல் அரண்.