வீட்டில் உள்ளது என்ன?

கடன்பட்ட ஒரு குடும்பத்தின் வரலாறு விவிலியத்தில் இரண்டாம் இராஜாக்கள் நூல், நான்காம் அதிகாரத்தில் வருகிறது. கணவர் தெய்வபக்தி மிக்கவர். ஆயினும் கடன் வைத்து மாண்டார். கொடுத்தவன் இரு புதல்வரையும் அடிமைகொள்ள வந்து நிற்கிறான். விதவை எலிசா தீர்க்கதரிசியிடம் ஓடுகிறாள். கடன் ஏன் வந்தது என்று அவர் கடிந்துகொள்ளவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்றே வினவினார். சிறிது எண்ணெய் இருந்தது. அயலாரிடம் வெறும் பாத்திரங்களை வாங்கிவரச் செய்தார். பாத்திரங்களெல்லாம் நிரம்பின. எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்த்து, எஞ்சியதைக் கொண்டு பிழைக்கும்படி பணித்தார்.

அற்புதத்தை நாம் பலமுறை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். அதிலுள்ள குடும்பக் கணக்கைக் கவனித்தோமில்லை.

பெங்களூர்த் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் செலவுக் காலம் ஆகஸ்டு 29ஆம் நாள் கொடியேற்றத்தோடு தொடங்கிவிடுகிறது. சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழா செப்டம்பர் 8இல் முடியும். சிலர் வேளாங்கண்ணிக்கும் போய்வருவர். பின்னர் கிறிஸ்துமஸ் புத்தாடை, பலகாரம். இடையே ஊரில் ஒரு திருமணம் வந்துவிட்டால் கேட்கவேண்டியதில்லை. பெங்களூரில் சம்பாதிப்பவர் மொய்யில் குறைவைக்கலாமா என்று உறவினர் நினைப்பார்களே என்று அஞ்சி, ஐந்து வட்டிக்கு வாங்கிக்கொண்டு பேருந்து ஏறுவோர் நம்மில் உண்டு. புலம்பெயர்ந்தோர் சுமக்கும் இந்தப் பெருமைச் சுமையை ஊரிலுள்ளோர் அறியார்.

அந்த வட்டியின் கணக்கைப் பார்ப்போம். ரூ.50,000 கடனுக்கு மாதம் ரூ.2,500 வட்டி. இருபது மாதங்களில் அசலளவு பணம் கைமாறிவிடும். அசலோ ஒரு காசும் குறைந்திராது. அதே தொகையை வங்கியில் நகையை ஈடுவைத்து, நூற்றுக்கு ஒரு ரூபாய் மாத வட்டியில் பெற்று, முன்பு வட்டிக்கென்று கொடுத்த அதே ரூ.2,500ஐ மாதந்தோறும் செலுத்தினால் இருபத்துமூன்றாம் மாதத்தில் அசலும் வட்டியும் முற்றும் தீரும். நகை பெட்டியில் உறங்க, வீட்டுக்காரர் உறக்கமின்றித் தவிப்பது என்ன நியாயம்?

ஆனால் நகையை எடுக்க வேண்டுமானால் இல்லாளிடம் சொல்லவேண்டும். தடையே அங்கேதான். மனைவி அறியாமல் கணவர் வாங்கிய கடன், கணவர் அறியாமல் மனைவி எடுத்த சீட்டு—இவையே பெரும்பாலான குடும்பங்களைக் கவிழ்ப்பவை என்பது நம் எண்ணம். ஆகவே ஒரு மாலை வேளையில், வளர்ந்த பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு, யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று ஒரே தாளில் எழுதிவிடுக. ஜெபம் செய்துவிட்டு எழுதுவது நன்று. எழுதாமல் ஜெபம் மட்டும் செய்வது போதாது. வட்டி மிகுந்த கடனை முதலில் தீர்க்கவேண்டும். கடன் அட்டை நிலுவையையும் அத்தாளில் சேர்க்க; அதற்கு மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கு மேல் வாங்கும் வங்கிகளும் உண்டு.

நிற்க. கடன் இருக்கையில் தசமபாகம் கொடுக்கலாமா என்று கேட்போர் உளர். குருமார் சிலர் வேறுவிதமாகச் சொல்லக்கூடும். பெற்றோருக்குரியதைக் காணிக்கை என்று பேர்சொல்லி மறுத்தவர்களை இயேசுபிரான் கண்டித்தார். பிறருக்குத் தரவேண்டியதை எடுத்துக் காணிக்கைப் பெட்டியில் இடுவதும், அதற்காகவே கைமாற்று வாங்குவதும் நமக்கு உடன்பாடில்லை. ஏழை விதவை இட்ட இரு காசுகள் அவளுடையவை.

அயலாரின் பாத்திரங்களுக்கு வருவோம். ஜெர்மனியில் ரைஃபைசன் என்ற பக்திமிக்க ஊர்த்தலைவர் செல்வரின் தருமத்தால் ஏழைக் குடியானவர் கடன் தீராது என்று கண்டு, 1864இல் அவர்களே கூடி நடத்தும் கடன் சங்கத்தை ஹெடஸ்டார்ஃபில் அமைத்தார். சென்னை மாகாணத்துக்கு அம்முறையையே பரிந்துரைத்தார் பிரெடரிக் நிக்கல்சன். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. சேலத்தில் 1876இல் பிறந்த கே. டி. பால், 1916இல் ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச் செயலாளரான முதல் இந்தியர். கடனில் கட்டுண்ட சிற்றூர் மக்களிடையே அச்சங்கங்களைப் பரப்பினார். உபதேசம் செய்வதோடு அவர் நின்றுவிடவில்லை. இன்றும் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பணியாளர் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளன. உறுப்பினராகும் வாய்ப்புள்ளவர், தேவை வருமுன்பே சேர்ந்துவிடவேண்டும். கழுத்தளவு வெள்ளத்தில் நின்று விண்ணப்பம் எழுதுவது கடினம்.

வீட்டு வாயிலில் வந்து மிரட்டுவோர்க்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடுவோரும், அதனினும் கொடிய முடிவைத் தேடுவோரும் உண்டு. அவர்கள் ஒன்றை அறிதல் வேண்டும். கர்நாடக அரசு 2025 பிப்ரவரியில் நுண்கடன், சிறுகடன் வசூல் கொடுமைகளைத் தடுக்க அவசரச் சட்டம் பிறப்பித்தது. மிரட்டி வசூலிப்போருக்குப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை அதில் உண்டு. காவல் நிலையத்தில் முறையிடலாம். தனியே செல்லத் தயங்குவோர், சபைப் பெரியவர் ஒருவரையோ அண்டைவீட்டாரையோ துணைக்கு அழைத்துச் செல்க.