பொக்குக் கடலையும் நமது பங்கும்

மணிலாக் காய் வரத்துத் தொடங்கியதும் நம் கடைகளில் முதலில் கேட்கும் சொல் "பொக்கு" என்பதுதான். சாக்கில் கையை விட்டு ஒரு பிடி காயை அள்ளி, நாலைந்தை உடைத்துப் பார்த்து, ஓடு மட்டும் இருந்தால் மூட்டைக்கு இவ்வளவு என்று விலையைத் தள்ளிவிடுகிறோம். கொண்டுவந்தவர் "மழை சரியில்லீங்க" என்கிறார். நாமும் தலையை ஆட்டிச் சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். விஷயம் அத்தோடு முடிந்தது என்று இருவரும் நினைக்கிறோம். முடியவில்லை என்பதே நமது கருத்து.

மழையும் ஒரு காரணம்தான். ஆனால் மழை நன்றாகப் பெய்த ஆண்டிலும், கிணற்றுப் பாசனத்தில் விளைந்த சரக்கிலும் பொக்கு வருகிறதே, அது ஏன்? மண்ணில் சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்பது பெரும்பாலும் அதற்கு விடை. கடலைச் செடியின் போக்கே தனி. பூ பூப்பது மேலே, காய் காய்ப்பது மண்ணுக்குள்ளே. பூவிலிருந்து விழுது இறங்கி மண்ணில் புகுந்த பிறகு, அந்தக் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். வேர் எடுக்கும் சுண்ணாம்பு நீரோடு மேலேறி இலைக்குப் போய்விடும்; அங்கிருந்து திரும்பிக் காய்க்கு இறங்கி வராது. ஆகவே மேலே செடி பச்சைப் பசேல் என்று இருக்கும், கீழே ஓடு காலியாக இருக்கும். கொல்லையின் பசுமையைப் பார்த்து முன்பணம் கொடுத்து ஏமாந்த வியாபாரிகள் நம்மில் பலர் உண்டு.

இதற்கு மருந்து ஜிப்சம். ஹெக்டேருக்கு 400 கிலோ, அதாவது ஏக்கருக்கு 160 கிலோ, விதைத்த 40, 45ஆம் நாள் வாக்கில் செடியின் அடியில் இட்டு மண் அணைக்க வேண்டும் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல காலமாகச் சொல்லி வருகிறது. இது புதுச் சங்கதியும் அல்ல, எட்டாத தொலைவில் உள்ளதும் அல்ல. அச்சரப்பாக்கத்தைத் தாண்டினால் திண்டிவனம்; "டி.எம்.வி." என்று நாம் சொல்லும் கடலை ரகங்களெல்லாம் அந்த ஊர் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன.

பயிர் தன் பசியைச் சொல்லும் விதம் வியாபாரிக்கு எளிதில் விளங்கும். கையிருப்பு குறைந்தால் நாம் என்ன செய்கிறோம்? பழைய கடையின் சரக்கை எடுத்துப் புதுக் கடைக்கு அனுப்புகிறோம். பயிரும் அப்படியே. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து இவை இடம் மாறக் கூடியவை; பற்றாக்குறை வந்தால் கிழட்டு இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுத்துவிடும். எனவே அடி இலை பழுத்தால் தழைச்சத்துக் குறை; அடி இலையின் ஓரம் தீய்ந்தாற்போல் கருகினால் சாம்பல் சத்துக் குறை. இரும்பு, கந்தகம், சுண்ணாம்பு, போரான் ஆகியவை அப்படி எளிதில் நகர மாட்டா. அவை குறைந்தால் குருத்தில்தான் தெரியும். இளம் இலை வெளுத்திருப்பதைக் கண்டு யூரியா வாங்கிக் கொட்டுகிறவர் பணத்தையும் இழக்கிறார், பருவத்தையும் இழக்கிறார். இரும்புக் குறையாக இருந்தால் நாட்டு மருந்துக் கடையில் நாம் விற்கும் அதே அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளித்தால் தெளிந்துவிடும். போரான் குறைந்த கடலையைப் பருப்பாக உடைத்துப் பிளந்தால் நடுவில் குழி விழுந்து பழுப்பேறி இருக்கும். அதைப் பூச்சி அரித்தது என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு.

மாமல்லபுரம் முதல் சதுரங்கப்பட்டினம், கூவத்தூர் வரையிலான கடலோர மணலில் நிலைமை இன்னும் மோசம். மணல் எதையும் பிடித்து வைப்பதில்லை. இட்ட தழைச்சத்தும் சாம்பல் சத்தும் ஒரு பெருமழையில் கீழே இறங்கிவிடும். அங்கே சவுக்கு நன்றாக வருகிறதே என்றால், அது தன் வேர் முடிச்சில் உள்ள நுண்ணுயிரின் துணையால் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. தர்ப்பூசணிக்கு அந்த வசதி கிடையாது.

இந்தக் குறைகள் முன்பு இவ்வளவு இல்லையே என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் விற்ற அமோனியம் சல்பேட்டில் தழைச்சத்தோடு 23 சதவீதத்துக்கு மேல் கந்தகமும் இருந்தது. சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்தோடு சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்தே போயின. (இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலை 1906இல் நம் பக்கத்து ராணிப்பேட்டையில்தான் தொடங்கியது.) பிறகு யூரியாவும் டி.ஏ.பி.யும் வந்து இரண்டையும் ஓரங்கட்டின. மூட்டைக்கு மூட்டை சத்து அதிகம், ஏற்றுக்கூலி குறைவு என்று நாமும் மகிழ்ந்தோம். ஆனால் ஓசியில் வந்துகொண்டிருந்த கந்தகமும் சுண்ணாம்பும் நின்று போயின. 1992 ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீங்கி அவை விலை ஏறின. யூரியா மட்டும் மலிவாகவே இருந்தது. 2010இல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோதும் யூரியாவைத் தொடவில்லை. மூட்டையை 2018இல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகச் சுருக்கினார்கள். மலிவான சரக்கு அதிகம் விற்கும் என்பது நமக்குத் தெரியாததா?

நெல்லுக்கும் இதே கதை. நடவு செய்த இரண்டு மூன்று வாரத்தில் இலையில் துருப் பிடித்தாற்போல் புள்ளி விழுந்து பயிர் குட்டையாக நிற்கும். வடக்கே தராய்ப் பகுதியில் "கைரா" என்று பெயரிட்டு நோய் என்றே நினைத்திருந்தார்கள். அது துத்தநாகப் பற்றாக்குறை என்று 1966இல் பந்த்நகரில் கண்டறிந்து சொன்னவர் ஒய்.எல். நேனே. ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட் போதும், மணலோடு கலந்து தூவ வேண்டும். டி.ஏ.பி.யோடு சேர்த்துப் போட்டால் இரண்டும் வீண். விற்கிற கடைக்காரர் இந்த ஒரு வரியைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

"இதெல்லாம் வேளாண்மைத் துறையின் வேலை, நமக்கெதற்கு?" என்று நம் நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். கணக்காகவே பார்ப்போம். 40 கிலோ மூட்டையில் நூற்றுக்கு 70 பருப்பு விழுந்தால் 28 கிலோ. 60 விழுந்தால் 24 கிலோ. மூட்டைக்கு 4 கிலோ பருப்பு போகிறது. அதை விவசாயி மட்டும் இழக்கவில்லை. செக்குக்காரர் இழக்கிறார், நாம் இழக்கிறோம், மளிகைக் கடையில் அவர் வைத்த பாக்கியும் அடுத்த பட்டத்துக்குத் தள்ளிப் போகிறது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கண் மதிப்பில் விலை போடும் பழக்கத்தால், ஜிப்சம் போட்டவருக்கும் போடாதவருக்கும் ஏறக்குறைய ஒரே விலையைத்தான் கொடுக்கிறோம். அப்படியிருக்க அவர் ஏன் செலவு செய்வார்? ஒரு கிலோ காயை அவர் முன்னிலையிலேயே உடைத்து, பருப்பை நிறுத்து, அந்தக் கணக்கில் விலை போட்டால் சச்சரவும் குறையும், நல்ல சரக்கும் நம்மைத் தேடி வரும். கால் மணி நேர வேலை. பொக்கு மிகுந்திருந்தால் சீட்டின் பின்புறம் "ஜிப்சம், மண் பரிசோதனை" என்று இரண்டு சொல் எழுதிக் கொடுக்கலாம். 2015 முதல் கொடுத்துவரும் மண்வள அட்டையில் கந்தகம், துத்தநாகம், இரும்பு, போரான் எல்லாம் உண்டு. அட்டை வீட்டு உத்திரத்தில் செருகிக் கிடக்கிறது, அவ்வளவுதான். நம் மாவட்டத்திலேயே காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. உரம் விற்கும் உறுப்பினர்கள், வேண்டாத சரக்கை யூரியாவோடு கட்டித் தள்ளுவதை விட்டு, 20:20:0:13 மூட்டையின் கடைசி எண் கந்தகம் என்பதையாவது வாங்குகிறவருக்குச் சொல்லலாம்.

மார்கழியில் விதைத்த கொல்லைக்கு மாசியில் ஜிப்சம் போய்ச் சேர வேண்டும். அதற்குத் தை மாதமே மூட்டைகள் கடைக்கு வந்தாக வேண்டும். மதுராந்தகம், செய்யூர், திருக்கழுக்குன்றம் பகுதி உறுப்பினர்கள் தேவையைச் சேர்த்துச் சொன்னால் ஒரே லாரியில் தருவித்து வாடகையைப் பகிர்ந்துகொள்ளலாம். அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளும்படி சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.